பாராட்டும் பழிப்பும்: படக்கதையில் ஒரு தன்வரலாறு

சங்கத்து ஆண்டு மலர் என்றால் அதில் எவ்வெக் கட்டுரைகள் இடம்பெறும் என்பதை அன்பர்கள் முன்னரே அறிவர். குறள் பற்றி ஒன்று, சிலம்பு பற்றி ஒன்று, பாரதி பற்றி ஒன்று என்பது நெடுநாள் மரபு. அம்மரபை நாமும் போற்றுகிறோம். ஆயினும் இவ்விடத்தில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு படக்கதை. பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சிறுவர் கையில் இருக்க வேண்டியதைச் சங்க மேடையில் வைப்பதா என்று வினவக்கூடும். அவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கம் என்பதால் அதனை மகிழ்வோடு வரவேற்கிறோம்.

படக்கதை நமக்குப் புதிதன்று. 1960-இல் தினத்தந்தி நாளிதழில் தொடங்கிய கன்னித்தீவை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அளவிலேயே நாள்தோறும் தொடர்ந்தவர்கள் நம் பெற்றோர். 1972 சனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரலாயிற்று. இரும்புக்கை மாயாவி வீடுதோறும் புகுந்தார். அதே ஆண்டு அதே சனவரித் திங்கள் 26-ஆம் நாள்தான் நம் இடுக்கி மாவட்டமும் உருவாயிற்று. போடிச் சந்தைக்கு இறங்கிச் சென்றவர்களின் பையில் அரிசி பருப்போடு மாயாவியும் போடிமெட்டு வளைவுகளில் மலையேறிச் சாந்தன்பாறைக்கு வந்தார். லயத்து மண்ணெண்ணெய் விளக்கொளியில் அதனைப் படித்த சிறுவர்கள் இன்று பேரன் பேத்தி கண்டவர்கள்.

அக்கதைகளில் வீரர்கள் இருந்தனர், தீயோர் இருந்தனர். தன் வாழ்வைத் தானே கூறும் மனிதர் மட்டும் இல்லை. தன்வரலாறு என்பது உரைநடைக்கே உரியது என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' அன்றோ நமக்கு முன்மாதிரி? அவ்வெண்ணத்தை அசைத்த நூல்களுள் ஒன்றையும், அதனைக் கற்றோர் அதற்களித்த தீர்ப்புகளையும் ஈண்டு ஆராய்வோம்.

நூலும் ஆசிரியரும்

மர்ஜானே சத்ரபி 1969-இல் ஈரானில் பிறந்தவர், தெகரானில் வளர்ந்தவர். 1979-இல் மன்னராட்சி வீழ்ந்தபோது அவருக்கு வயது ஒன்பது. அடுத்த ஆண்டே ஈராக்குடன் போர் மூண்டது. 1984-இல், பதினான்காம் வயதில், பெற்றோர் அவரை வியன்னாவுக்குத் தனியே அனுப்பினர். நான்காண்டு கழித்துத் திரும்பினார். 1994-இல் மீண்டும் நாடு நீங்கிப் பிரான்சில் குடியேறினார். இவ்வாழ்க்கையைக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களாக வரைந்து, 2000 முதல் 2003 வரை 'பெர்சிபொலிஸ்' என்ற பெயரில் நான்கு பகுதிகளாகப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். தமிழில் கோவை விடியல் பதிப்பகத்தின் வாயிலாக 'ஈரான்' என்னும் பெயரில் இது வந்துள்ளது. 2007-இல் வேன்சான் பரோன்னோ என்பவருடன் சேர்ந்து ஆசிரியரே இதனை அசைவூட்டத் திரைப்படமாக்கினார். அப்படம் கான் விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்டது.

நூலின் கலைத்திறம் எளிமையில் உள்ளது. நிழல் இல்லை, நுண்வேலைப்பாடு இல்லை. வட்ட முகம், இரு புருவம், ஒரு வாய்க்கோடு. அப்புருவம் சற்றே இறங்கினால் அழுகை. வாய்க்கோடு சற்றே வளைந்தால் நகை. உள்ளத்து உணர்ச்சி உடலின்கண் புலப்படுவதையே தொல்காப்பியர் மெய்ப்பாடு எனக் கொண்டு தனி இயல் வகுத்தார். செய்யுளில் அதனைச் சொல்லால் காட்டவேண்டும். கற்போன் தன் மனத்தில் உருவெழுதிக்கொள்ள வேண்டும். படக்கதையிலோ மெய்ப்பாடு முதலில் நிற்கிறது. சொல் அதன்பின் வருகிறது. ஆகவே இவ்வகை நூலைக் கற்போர் சினமும் உவகையும் விரைந்து கொள்கின்றனர். உரைநடையில் பத்துப் பக்கம் சென்றபின் எழும் உணர்ச்சி இங்கு ஒரு கட்டத்திலேயே எழுந்துவிடுகிறது. பெர்சிபொலிசுக்கு எழுந்த எதிர்ப்புகளை இவ்வுண்மையை வைத்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

எழுந்த தடைகள் மூன்று

முதலாவது தடை, இது சிறுவர்க்கு ஆகாது என்பது. 2013 மார்ச்சில் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரின் பொதுப்பள்ளி நிர்வாகம் இந்நூலை ஏழாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. சிறைவதையைக் காட்டும் படங்கள் காரணமாகக் கூறப்பட்டன. உயர்பள்ளி மாணவர்கள் நூலைக் கையிலேந்தி எதிர்ப்புக் காட்டினர்.

நிர்வாகத்தின் கவலையை நாம் எள்ளி நகையாடமாட்டோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உறக்கத்தைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது இயற்கை. எனினும் குறித்த படங்களைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சிறையிலிருந்து மீண்டவர்கள் வீட்டுக்கூடத்தில் பேசுகின்றனர், சிறுமி கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருவர் துண்டு துண்டாக வெட்டப்பட்டார் என்ற சொல் அவள் காதில் விழுகிறது. அடுத்த கட்டத்தில் நாம் காண்பது பிணமன்று. மூட்டு மூட்டாகக் கழன்ற பொம்மை. உள்ளே வெறுமை. குருதியில்லை. பொம்மை உடைந்ததைத் தவிர வேறொன்றையும் கண்டறியாத குழந்தை மனம் கொடுமையை அவ்வாறுதான் உருவாக்கிக்கொள்ளும். அச்சத்தைக் காட்டும் படம் அன்று அது. அச்சத்தின் பொருள் புரியாமையைக் காட்டும் படம். வரலாற்றுப் பாடநூலில் 'சித்திரவதை' என்ற சொல் வந்தபோது எவரும் அதனை நீக்கவில்லை. கோடாக மாறியவுடன் அஞ்சினர். சொல் பழகிப்போனதால் சுடுவதில்லை. கோடு இன்னும் சுடுகிறது.

இரண்டாவது தடை சமயம் பற்றியது. 2011 அக்டோபரில் துனீசிய நாட்டுத் தொலைக்காட்சி ஒன்று இத்திரைப்படத்தை ஒளிபரப்பியது. இறைவனை உருவத்தோடு காட்டும் காட்சி அந்நாட்டு நம்பிக்கையாளர் பலரைப் புண்படுத்தியது. கலவரம் எழுந்தது, நிலைய உரிமையாளரின் வீடு தாக்கப்பட்டது, 2012-இல் நீதிமன்றம் அவருக்குத் தண்டம் விதித்தது. உருவ வழிபாட்டில் தோய்ந்த நமக்கு இப்புண்ணின் ஆழம் எளிதில் விளங்காது. விளங்காத ஒன்றை இழித்துரைத்தல் முறையன்று. ஆயினும் நூலுள் அக்காட்சி எங்கு வருகிறது என்று காணல் வேண்டும். இரவில் படுக்கையருகே நரைத்த தாடியோடு வரும் முதியவர், சிறுமியின் மனத்தோழர். அவள் பெரிதும் நேசித்த சிற்றப்பன் அனுஷ் மரண தண்டனைக்கு உள்ளானபோது அவரை அவள் வெளியே போகச் சொல்லிவிடுகிறாள். துயரத்தின் மிகுதியால் இறைவனோடு பிணங்கும் குரல் நம் பத்தி இலக்கியத்துக்குப் புறம்பானதன்று. இறைவனை இகழும் காட்சி என்று அதனைக் கொண்டோர், அன்பின் மிகுதியைக் காணத் தவறினர் என்பது எம் கருத்து.

மூன்றாவது தடையே நம் ஆய்வுக்கு முதன்மையானது. 'நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லோம்' என்பது அது. 2007-இல் திரைப்படம் கான் விழாவுக்குச் சென்றபோது ஈரான் அரசுசார் திரைப்பட நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்தது. புரட்சியின் விளைவுகளைப் படம் திரித்துக் காட்டுகிறது என்பது அதன் முறையீடு. அரசின் குரலை ஒதுக்கிவிடலாம். ஆனால் அரசுக்கு அஞ்சாதவர் உள்ளத்திலும் ஓர் ஐயம் எழக்கூடும்: வசதியான வீட்டில், படித்த பெற்றோர்க்குப் பிறந்து, பணிப்பெண் பரிமாற உண்டு வளர்ந்த ஒருத்தியின் கதை எவ்வாறு ஒரு நாட்டின் கதையாகும்?

இத்தடை இந்நூலுக்கு மட்டும் உரியதன்று. ஆர்ட் ஸ்பீகல்மன் தம் தந்தை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் பிழைத்த வரலாற்றை 'மவுஸ்' என்ற பெயரில் 1986-லும் 1991-லும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். யூதர் எலிகள், செருமானியர் பூனைகள், போலந்தியர் பன்றிகள். அந்நூல் போலந்து மொழியில் 2001-இல் வெளிவந்தபோது, தம்மைப் பன்றிகளாக்கினார் எனச் சினந்தோர் நூலை எரித்தனர். அதே நூலுக்கு வேறொரு வேடிக்கையும் நேர்ந்தது. நியூயார்க் டைம்ஸ் இதழ் இரண்டாம் தொகுதியைப் புனைகதைப் பட்டியலில் சேர்த்தது. தம் தந்தையின் நினைவைப் புனைவென்பதா என ஆசிரியர் கடிதம் எழுதினார். இதழ் அதனை மெய்வரலாற்றுப் பட்டியலுக்கு மாற்றிற்று. 1992-இல் அந்நூலுக்குப் புலிட்சர் சிறப்புப் பரிசும் கிடைத்தது. எழுதினால் வரலாறு, வரைந்தால் கற்பனை என்ற மயக்கம் கற்றறிந்த பதிப்பாளர்க்கும் இருந்தது என்பதற்கு இது சான்று.

தமிழிலும் இத்தகைய சினம் உண்டு. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தபோது தம் ஊரார் தொடக்கத்தில் வெகுண்டனர் என்பதை ஆசிரியரே பின்னாளில் கூறியுள்ளார். காலப்போக்கில் அவ்வூராரே அதனைத் தம் நூலாக ஏற்றனர். தன்வரலாறு எழுதுவோன் தன் கதவை மட்டும் திறப்பதில்லை. பக்கத்து வீட்டுக் கதவும் சற்றே திறந்துவிடுகிறது. சினத்தின் வேர் அதுவே.

சாந்தன்பாறையில் எழுந்த வினா

இனி நம் மலைக்கு வருவோம். உடும்பஞ்சோலை வட்டத்தில், பூப்பாறைக்கும் நெடுங்கண்டத்துக்கும் இடைப்பட்ட ஏலமலையில் நம் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. போடி, கம்பம், உத்தமபாளையம் முதலிய ஊர்களிலிருந்து களையெடுக்கவும் காய் எடுக்கவும் ஏறியவர்கள் நம் முன்னோர். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நின்றன, நாமும் நின்றோம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும், நம் பிள்ளைகள் பலர்க்குப் பள்ளியில் மலையாளம் என்பது நம் நிலை. தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் தமிழ் எழுத்தைத் தடுமாறியே படிக்கின்றனர். மூத்த பெண்டிர் பலர்க்கோ எந்த எழுத்தும் வாய்க்கவில்லை.

அத்தகைய குடும்பங்கள் சில கூடியிருந்த ஒரு மாலையில் இந்நூலை நடுவில் வைத்து உரக்கப் படித்தோம். பேத்தி படத்தைப் பார்த்துக் கதை சொல்ல, பாட்டி கேட்க, இடையிடையே நாம் எழுத்தைப் படித்துக் காட்டினோம். நூல்நிலையங்களில் எழாத ஒரு வினா அங்கு எழுந்தது.

'கடிதம்' என்னும் பகுதியில் மெஹ்ரி என்ற பணிப்பெண் வருகிறாள். பிள்ளைகள் பலருடைய ஏழைக் குடியானவர் வீட்டிலிருந்து, எட்டு வயதில் வேலைக்கு வந்தவள். எழுதப் படிக்க அறியாதவள். பக்கத்து வீட்டு இளைஞன்மேல் காதல் கொள்கிறாள். அவளுக்காகக் காதற்கடிதம் எழுதித் தருபவள் சிறுமி மார்ஜி. அவள் பணிப்பெண் என்று தெரிந்ததும் அவ்விளைஞன் விலகிவிடுகிறான். புரட்சிக் கருத்துகள் பேசும் மார்ஜியின் தந்தையே, வகுப்பு வேறுபாட்டால் இக்காதல் கைகூடாது என்று மகளுக்கு விளக்குகிறார்.

அவ்விடத்தில் மூதாட்டி ஒருவர் கையமர்த்தினார். நாற்பதாண்டுக் காலம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். விரல்நுனிகளில் அதன் கருமை இன்னும் உண்டு. "அந்தப் புள்ள பொறகு என்ன ஆனா?" என்று கேட்டார். பக்கங்களைப் புரட்டினோம். நூல் மார்ஜியைத் தொடர்ந்து வியன்னா வரை செல்கிறது. மெஹ்ரியைத் தொடர்ந்து செல்லவில்லை. "சொல்லலையா? எப்பவும் அப்படித்தான்" என்றார் அவர்.

உலகெங்கும் கற்றோர் பலர் இந்நூலை மார்ஜியின் பக்கம் நின்றே கற்றனர். எம் மலையில் அது மெஹ்ரியின் பக்கம் நின்று கற்கப்பட்டது. இவ்விரு வாசிப்புகளுள் எது சரி என்ற வினாவை நாம் தள்ளிவிட முடியாது. மூன்றாம் தடையின் உண்மையான வடிவம் இதுவே. திரைப்பட நிறுவனம் கேட்டபோது அது அரசியல். காய் எடுத்த கை கேட்டபோது அது அறம்.

நூல் தரும் விடை

அதனால் நூல் வீழ்ந்ததா என்றால், இல்லை என்போம். காரணம் நூலுக்குள்ளேயே இருக்கிறது. 'திறவுகோல்' என்ற பகுதியைக் காண்க. போர்க்காலத்தில் ஏழைச் சிறுவர்க்குப் பொன்வண்ணம் பூசிய நெகிழித் திறவுகோல் பள்ளியிலேயே தரப்படுகிறது; போரில் மாண்டால் அது துறக்கத்தின் கதவைத் திறக்குமாம். மார்ஜியின் வீட்டில் அப்போது பணிசெய்யும் பெண் அத்தகைய திறவுகோலைக் கொண்டுவந்து, தன் மகனுக்குத் தந்ததாகக் காட்டி அழுகிறாள். அப்பகுதியின் கடைசிப் பக்கத்தில் இரு கட்டங்களே. மேலே, கழுத்தில் திறவுகோலோடு கண்ணிவெடியில் சிதறும் சிறுவர்களின் கரிய உருவங்கள், முகம் இல்லை. கீழே, மார்ஜியும் தோழர்களும் ஆடிப்பாடும் விருந்து. மேலே சிதறும் உடல்களும் கீழே ஆடும் உடல்களும் ஏறத்தாழ ஒரே நிலையில் வரையப்பட்டுள்ளன. கைகால்கள் ஒரே வகையில் வீசப்படுகின்றன.

ஆசிரியர் அங்கு மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கவுரையும் எழுதவில்லை. இரு கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார், அவ்வளவே. 'என் ஆட்டத்தின் மேல்தளத்தில் அவர்கள் இறந்தனர்' என்னும் குற்ற உணர்வைப் பத்துப் பக்க உரைநடையும் இவ்வாறு உணர்த்தாது. தன் வாழ்வின் எல்லை எங்கு முடிகிறது என்பதை இப்பக்கம் அறிந்திருக்கிறது. மெஹ்ரியின் கதையை முழுமையாகச் சொல்லும் தகுதி தனக்கில்லை என்பதையும் அறிந்திருக்கிறது என்றே கொள்வோம். முகமற்ற கரிய உருவங்களுக்கு முகம் வரையும் உரிமை அவர்களுக்கும் அவர்தம் மக்களுக்கும் உரியது.

ஆதலின் மூதாட்டியின் வினாவும் சரி, நூலும் சரி. குறை எங்குள்ளது என்றால், மெஹ்ரி வரைந்த நூல் இன்னும் வராமையில் உள்ளது.

கைக்கெட்டும் வழிகள்

அத்தகைய நூல் கூடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சிற்றூரில் 1951-இல் பிறந்த லாட், 1979-இல் 'கம்போங் பாய்' என்ற தம் இளமைக் கதையை வரைந்து வெளியிட்டார். ஆற்றுக் குளியல், பள்ளிக்கூடம், ரப்பர்த் தோட்டம், ஈயம் தோண்டும் பெருமிதவை, கடைசியில் ஈப்போ நகருக்குப் படிக்கச் செல்லும் பிரிவு, கதை இவ்வளவே. முதற்பதிப்பின் பல்லாயிரம் படிகள் சில திங்களில் விற்றுத் தீர்ந்தன. மலாய்ச் சிறுவன் ஒருவனின் கதையை எல்லா இனத்தவரும் விரும்பிக் கற்றனர். ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் தமிழர் உழைத்த இடங்கள் அன்றோ? தன் ஊர் தான் திரும்பும்வரை அப்படியே இருக்கவேண்டும் என்று ஏங்கும் அச்சிறுவனின் கடைசிப் பார்வையைப் புலம்பெயர்ந்தோர் எவரும் அறிவர். பெர்சிபொலிஸ் சினத்தையும் ஈட்டியது. இந்நூல் பெரும்பாலும் அன்பையே ஈட்டியது. இரண்டும் தன்வரலாற்றின் இரு கண்கள்.

நம் நாட்டிலேயே 2011-இல் 'பீமாயணம்' வெளிவந்தது. அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வில் நேர்ந்த தீண்டாமைக் கொடுமைகளைத் தாமே எழுதிவைத்த குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டது. கோண்டு மரபு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் அதனை வரைந்தனர். மனிதரைக் கட்டங்களுக்குள் அடைக்க அவர்கள் ஒப்பவில்லை; தம் குடிமரபின் கோலவரிகளாலேயே பக்கத்தைப் பிரித்தனர். அது தமிழிலும் கிடைக்கிறது. அயலார் வகுத்த கட்டங்களை ஏற்காமலே படக்கதை செய்யலாம் என்பது இந்நூல் தரும் பாடம்.

நமக்கும் ஒரு மரபு உண்டு. 2006-இல் நம் மலையடிவாரத்துத் தேனி மாவட்டத்தில், புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தொன்மையான நடுகற்களில் எழுத்து மட்டுமே உள்ளது. பிற்காலத்துச் செங்கம் நடுகற்களிலோ வில்லேந்திய உருவமும், அவன் யார், எப்பூசலில் பட்டான் என்னும் சில வரிகளும் சேர்ந்தே உள்ளன. ஓர் உருவம், சில வரி, ஒரு பெயர். படக்கதையின் இலக்கணம் இதனினும் வேறா? அரசர்க்கு மெய்க்கீர்த்தி இருந்தது. ஆநிரை காத்து மாண்ட எளியோனுக்கு நடுகல் இருந்தது. எளியோரின் வரலாறு உருவமும் எழுத்தும் கூடிய வடிவில் நிற்பது தமிழுக்குப் பழக்கமே.

முடிவுரை

2022 அக்டோபரில் நம் சாந்தன்பாறையின் கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தது. பல்லாயிரவர் வந்து கண்டனர், படம் பிடித்தனர், சென்றனர். பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் மலருக்கு அத்துணைப் படங்கள் உள. அம்மலைச் சரிவில் அறுபதாண்டு குனிந்து நின்றவர்களுக்கு ஓய்வூதிய அட்டையில் ஒட்டிய படம் ஒன்றே உளது.

வாசகர் தீர்ப்பு என்பது நூலைப் புகழ்வதோடும் பழிப்பதோடும் முடிவதன்று. நல்ல வாசகர் இல்லாத நூலைக் கேட்டுப் பெறுவார். எழுத்துத் தடுமாறும் பேத்திக்கும் எழுத்தறியாப் பாட்டிக்கும் பொதுவான மொழி ஒன்று கோட்டோவியத்தில் இருக்கிறது என்பதை அம்மாலையில் கண்டோம். பேத்திக்குக் கை உண்டு. பாட்டிக்குக் கதை உண்டு. இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் முன் அமர்ந்தால் போதும். புருவம் கோணலாக வரலாம், எழுத்துப்பிழை நேரலாம். அவற்றைத் திருத்திக்கொள்ளலாம். அப்பாட்டியின் காலம் கடந்தபின் திருத்த ஒன்றும் இராது.

மெஹ்ரி பிறகு என்ன ஆனாள் என்பதை நாம் சொல்ல இயலாது. அதைக் கேட்டவர் எட்டு வயதில் எவ்வாறு இம்மலை ஏறினார், எவர் கையைப் பிடித்து ஏறினார், அன்று மழை பெய்ததா என்பவற்றை அவரே சொல்ல இயலும். அடுத்த மலரில் அதற்கு இடம் ஒதுக்கவேண்டும் என்று சங்கத்தாரை வேண்டுகிறோம்.